சித்திரையில் குளிர்

கோட்டை வாசலில் மான்கள் நின்றன.
பிரேக்கில் என் கால்.
ஓட்டோ கியர்க் கார் கேட்கவில்லை,
அவிழ்த்துவிட்ட கன்று மடியைக் கண்டது போல
முன்னே முன்னே முட்டிக்கொண்டிருந்தது.
முள் ஆயிரத்து எண்ணூறில்.
ஒரு மான் திரும்பிப் பார்த்துவிட்டுப்
பொலித்தீன் பையைத் தின்னப் போனது.

மூன்று வாரமாய் இதே கதை.
எழுநூற்றைம்பதில் முனக வேண்டியது
நிறுத்தி வைத்தாலும் கத்துகிறது.
நிலாவெளி, பன்குளம், இறக்கண்டி,
மாடு பார்க்கப் போகிற இடமெல்லாம்
எனக்கு முன்னால் என் சத்தம் போய்ச் சேர்கிறது.

உப்புவெளிப் பெடியன் ஒரு திருகை
இரண்டு சுற்று இறக்கினான்.
அன்று அடங்கியது, மறுநாள் ஏறியது.
லிங்கநகரில் ஒருவர் எதையோ கழற்றிக் கழுவி
நாலாயிரத்து ஐந்நூறு வாங்கினார்.
மைத்துனர் சீலன் பெற்றோலில் கலப்படம் என்றார்,
அவருக்கு எல்லாவற்றிலும் கலப்படம்.

ஜமாலியாவில் ரிபாய்தீன்
ஸ்பானரைத் தொடவில்லை.
அக்சிலேட்டர்க் கேபிளை விரலால் சுண்டினார்.
ரப்பர்க் குழாய்களில் தண்ணீர் தெளித்துக் காது கொடுத்து
"எங்கயும் காத்து இழுக்கல்ல" என்றார்.
பிறகு இரண்டு சிறு குழாய்களை
இரண்டு கையாலும் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டார்.
"டொக்டர், இதப் புடிங்க.
கன்னியாவில ஏழு கிணறு, ஏழு சூடு.
இஞ்ச ரெண்டு குழாய்,
ரெண்டும் ஒரே சூடா இருக்கணும்."

ஒன்று சுட்டது.
மற்றது, பால்காய்ச்சல் பசுவின் காது.

வெளியே தார் இளகும் வெயில்.
உள்ளே ஒரு வால்வு, அதற்குள் ஒரு துண்டு மெழுகு.
சுடுதண்ணீர் வந்து தொட்டால்தான்
விரிந்து காற்றை அடைக்கும்.
தண்ணீர் வரவில்லை.
ஆகவே எஞ்சின் நுவரெலியாவில்
இன்னும் விடியவில்லை என்று நம்பி
உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்தது.
என் கார் திருகோணமலையில், சித்திரையில்,
குளிரில் நடுங்கியது.

ஆறவிட்டோம். பிளேன்டீ குடித்தோம்.
ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் தண்ணீர் எங்கோ கீழே.
ஒரு கிளிப்பைக் கடலுப்புத் தின்றிருந்தது.
சொட்டுச் சொட்டாய்ப் போன இடத்தில்
காற்று வந்து குந்திக்கொண்டது.
"காத்து நிண்டா தண்ணி போகாது.
மூக்க மேட்டுக்கு ஏத்தணும்."

நான் சிரித்தது அவருக்கு விளங்கவில்லை.
வயிறூதிய மாட்டை
முன்னங்கால் மேட்டில் நிற்கவைத்து
இடது விலாவைப் பிசைந்து பிசைந்து
இரவு இரண்டு மணிக்கு
ஓர் ஏப்பத்துக்காகக் காத்திருந்த ஆள் நான்.
சொன்னேன்.
"அப்ப நீங்களே பிசைங்க" என்றார்.

புதுக் கிளிப். புதுத் தண்ணீர்.
ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் முகம் மேலே,
சக்கரத்துக்குக் கல் அணை,
மூடி திறந்தபடி எஞ்சின் ஓட
மேல்குழாயைப் பிசைந்தேன்.
கன நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, குளக்.
பச்சைத் தண்ணீரில் ஒரு குமிழ்,
பின்னால் ஐந்தாறு,
பின்னால் என் சட்டை முழுக்க.

கத்தல் இறங்கியது.
ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரம். எண்ணூறு.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
அறுநூறு.
நானூறு.
நின்றே போனது.

"எவனோ திருகக் கிண்டியிருக்கான்"
என்றார் ரிபாய்தீன் எரிச்சலோடு.
உப்புவெளியை நான் மறந்தே போயிருந்தேன்.
பிழைக்குத் தோதாய் இறக்கிய இரண்டு சுற்றையும்
ஏற்றிவைத்தார்.

பின்னேரம் இறக்கண்டி.
பட்டி வாசலில் காரை விட்டேன்,
ஒரு மாடும் எழும்பவில்லை.
பாக்கியவதி வெறுங்கையோடு ஓடி வந்தாள்.
"வந்ததே தெரியேல்ல டொக்டர்.
சந்தியில உங்கட சத்தம் கேட்டுத்தானே
கைகழுவத் தண்ணி சுடவைக்கிறனான்."

அடுப்பு மூட்டும்வரை
பசுவின் காதைப் பிடித்தபடி நின்றேன்.